உறைநிலைக்குப் பக்கத்தில்

குளிர்காலம் பற்றிய செய்திகள் பெரும்பாலும் எண்களைச் சுமந்துகொண்டே வருகின்றன. சைபீரியாவின் ஒய்மியாக்கோன் கிராமத்தில் 1933 பிப்ரவரியில் மைனஸ் 67.7 டிகிரி செல்சியஸ் பதிவானது என்ற தகவலும், கொதிநீரைக் காற்றில் வீசினால் அது தரையைத் தொடுமுன் வெண்புகையாகிவிடும் காணொளியும், கண்ணிமைகளில் பனித்துகள் படிந்த முகங்களின் படங்களும் ஆண்டுதோறும் தவறாமல் சுற்றுக்கு வந்துவிடும். எனக்கும் அவற்றில் ஈர்ப்பு உண்டு. ஆனால் பல நாடுகளில் வழக்கத்துக்கு மாறாக வந்துபோன குளிர்காலங்களைப் பற்றி விரும்பிப் படிக்கத் தொடங்கிய பிறகு, வெப்பமானியின் எண்ணைக் கொண்டு மக்கள் பட்ட பாட்டை அளக்க முடியாது என்பது எனக்கு உறுதிப்பட்டுவிட்டது. நெஞ்சைப் பதறவைக்கும் கதைகளில் மிகப் பலவும் மைனஸ் 60-இல் நடந்தவை அல்ல. தண்ணீர் திரவமாக இருப்பதா உறைவதா என்று தடுமாறும் 0 டிகிரியின் அக்கம்பக்கத்திலோ, குளிரை எதிர்பார்த்தே இராத ஊர்களிலோதான் அவை நடந்திருக்கின்றன.

முதலில் கடுங்குளிரின் தலைநகரம் என்று சொல்லத்தக்க சைபீரிய நகரமான யாக்குத்ஸ்கைப் பார்க்கலாம். மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் அந்த நகரில் சனவரி மாதத்தின் சராசரியே மைனஸ் 35-க்குக் கீழே இருக்கும். நிலத்தடி மண் நிரந்தரமாக உறைந்து கிடப்பதால், கட்டடத்தின் வெப்பம் அதில் இறங்கி மண் இளகிவிடாதபடி வீடுகளைத் தூண்களின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். வெந்நீர்க் குழாய்கள் மண்ணுக்குள் போவதில்லை. வெப்பக்காப்பு உறை சுற்றப்பட்டுத் தெருவோரமாகத் தரைக்கு மேலேயே ஓடுகின்றன. மைனஸ் 40-க்குக் கீழே போய்விட்டால் மனிதர்களின் மூச்சும் வாகனங்கள் கக்கும் நீராவியும் நுண்ணிய பனித்துகள்களாக மாறி, எதிரே வருபவரைக்கூட மறைக்கும் மூட்டமாக ஊரின் மேல் தங்கிவிடும். இத்தனைக்கும் நடுவில், 1998-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு, யாக்குத்ஸ்கில் நடுத்தர வயதினரிடமும் முதியவரிடமும் ஒட்டுமொத்த இறப்பு எண்ணிக்கை மைனஸ் 48 டிகிரி அளவு வரை குளிர் கூடியபோதும் உயரவில்லை என்று கண்டது. காரணம் உடலின் வலிமை அன்று. அங்குள்ளவர்கள் அடுக்கடுக்காக உடுத்துகிறார்கள், வீட்டை நன்றாகச் சூடாக்கி வைக்கிறார்கள், குளிர் எல்லை மீறினால் வெளியே போவதைத் தவிர்க்கிறார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு லான்செட் இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வொன்று இதையே மறுபக்கத்திலிருந்து காட்டியது. வெளியே 7 டிகிரி இருக்கும் நாளில் தெற்கு பின்லாந்தின் வீட்டுக் கூடங்களில் சராசரியாக 21.7 டிகிரி இருந்தது; ஏதென்ஸில் 19.2 டிகிரிதான் இருந்தது. அதே குளிரில் தெருவில் இறங்கியவர்களில் தொப்பி அணிந்திருந்தவர்கள் பின்லாந்தில் நூற்றுக்கு 72 பேர், ஏதென்ஸில் 13 பேர். வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் கூடுதலாக நேரும் இறப்பின் விகிதம் வெதுவெதுப்பான நாடுகளிலேயே அதிகமாக இருந்தது. மத்தியதரைக் கடலோரத்துக் குளிர்காலம் சுகமானது என்ற எண்ணத்தில் வீட்டைக் கட்டியவர்கள், அந்தச் சில வாரங்களை வீட்டுக்குள்ளேயே நடுங்கிக் கழிக்கிறார்கள்.

இதன் உச்சத்தைத் தைவானில் காணலாம். 2016 சனவரி 24 அன்று தைப்பேயில் வெப்பநிலை 4 டிகிரிக்கு இறங்கியது. ஒய்மியாக்கோன்காரர் கேட்டால் சிரித்துவிடுவார். ஆனால் 44 ஆண்டுகளில் அந்த நகரம் கண்ட மிகக் குறைந்த அளவு அது. அந்தக் குளிரலையில் தீவு முழுவதும் 80-க்கும் அதிகமானோர் இறந்ததாகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அவர்களில் பலர் முதியவர்கள்; உடல் வெப்பம் குறைந்தும் இதயம் நின்றும் போனவர்கள். தைவானின் வீடுகள் வெக்கையை வெளியேற்றக் கட்டப்பட்டவை. அங்கே சூடேற்றும் ஏற்பாடு அநேகமாக எந்த வீட்டிலும் கிடையாது. காங்கிரீட் சுவர் இரவெல்லாம் வெப்பத்தை இழந்து குளிர்ந்து கிடக்க, வெளியில் இருக்கும் அதே குளிர் படுக்கையறைக்கும் வந்துவிடுகிறது. தெருவில் நடக்கும்போது ஒருவருக்கு 4 டிகிரி என்பது ஒன்றுமில்லை. தூங்கும் கிழவருக்கு எட்டு மணி நேரம் 4 டிகிரி என்பது வேறு கணக்கு.

வங்கதேசத்தின் வடகோடியில் இருக்கும் தேதுலியாவில் 2018 சனவரி 8 அன்று 2.6 டிகிரி பதிவானது. அந்நாட்டில் அதுவரை பதிவானவற்றில் அதுவே மிகக் குறைவு. அங்கே குளிரலை வரும்போதெல்லாம் மருத்துவமனைகளின் தீக்காயப் பிரிவுகள் நிரம்புகின்றன. கம்பளி இல்லாதவர்கள் வைக்கோலையும் சருகையும் கொளுத்திக் குளிர்காயும்போது, சேலை முந்தானையிலோ போர்வையின் ஓரத்திலோ தீப்பற்றுகிறது. குளிர்கால விபத்துகளின் பட்டியலில் தீக்காயத்தையும் சேர்க்க வேண்டும் என்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கு எளிதில் தோன்றாது.

இனி உறைநிலைக்கு வருகிறேன். வானத்திலிருந்து விழக்கூடியவற்றில் எது கொடியது என்று என்னைக் கேட்டால் பனிப்புயலைச் சொல்லமாட்டேன், உறைமழையைச் சொல்வேன். மேலே மேகத்தில் பனித்துகளாகக் கிளம்புவது, வழியில் 0 டிகிரிக்கு மேற்பட்ட ஒரு வெப்பக் காற்றடுக்கைக் கடக்கும்போது உருகி மழைத்துளியாகிறது. தரையை ஒட்டி மெல்லிய குளிரடுக்கு ஒன்று படுத்திருந்தால், துளி அதற்குள் நுழைந்து உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துவிடும். ஆனால் உறைவதற்கு நேரம் போதாமல் திரவமாகவே வந்து விழும். விழுந்த இடம் கிளையோ கம்பியோ படிக்கட்டோ, தொட்ட மறுகணம் அதன் மேல் கண்ணாடி போல ஒட்டி உறைகிறது. அடுத்த துளி அதன் மேல். வெப்பநிலை மைனஸ் 10 அளவுக்கு எல்லா அடுக்கிலும் இறங்கியிருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. வெறும் பனி பொழியும், வாரித் தள்ளிவிடலாம். வெப்பம் கொஞ்சம் கலந்ததால் வந்த வினை இது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1998 சனவரி 5 முதல் ஏறத்தாழ ஆறு நாட்கள் விட்டுவிட்டுப் பெய்தது இந்த மழைதான். செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று தரையோடு தேங்கிவிடும் இயல்புடையது. அதன் மேல் தெற்கிலிருந்து ஈரமான வெப்பக்காற்று ஏறி வந்து நகராமல் நின்றது. சில இடங்களில் 100 மி.மீ. வரை பெய்த மழை அப்படியே கட்டியாகத் தங்கியது. மின்கம்பிகள் மணிக்கட்டுத் தடிமனுக்குப் பருத்தன. உயர் அழுத்தத் தடங்களைத் தாங்கிய எஃகுக் கோபுரம் ஒன்று மடங்கியதும், அது கம்பியை இழுத்த இழுப்பில் அடுத்தது, அதற்கடுத்தது என்று கோபுரங்கள் வரிசையாகச் சரிந்தன. ஏறத்தாழ ஆயிரம் எஃகுக் கோபுரங்களும் முப்பதாயிரம் அளவில் மரக்கம்பங்களும் விழுந்ததாகக் கணக்கிட்டார்கள். கியூபெக்கில் மட்டும் முப்பது லட்சத்துக்கும் அதிகமானோர் மின்சாரம் இழந்தார்கள். மான்ட்ரியாலுக்குத் தெற்கே செயிண்ட்-ஹியாசிந்த், கிரான்பி, செயிண்ட்-ஜீன் ஆகிய மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதி வாரக்கணக்கில் இருண்டு கிடந்ததால் அதற்குக் கருமுக்கோணம் என்றே பெயர் விழுந்தது.

கியூபெக் மக்கள் குளிருக்குப் பயந்தவர்கள் அல்லர். மைனஸ் 25 அவர்களுக்குச் சாதாரண நாள். ஆனால் மலிவான நீர்மின்சாரம் கிடைத்ததால் வீடுகளில் பெரும்பாலானவற்றை மின்சாரத்தாலேயே சூடேற்றியிருந்தார்கள். கம்பி அறுந்ததும் வெளிச்சமும் வெப்பமும் ஒரே நொடியில் போயின. சனவரி 9 அன்று மான்ட்ரியாலின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் மின்சாரம் நின்றுபோய், நகரத்தின் குழாய்கள் வற்றுவதற்குச் சில மணி நேரமே மிச்சம் என்ற நிலை வந்தது. கொரியப் போருக்குப் பிறகு கனடா தன் படைவீரர்களை இத்தனை பெரிய எண்ணிக்கையில் ஒரு வேலைக்கு அனுப்பியதில்லை என்கிறார்கள்; அவர்கள் கோடரியோடு கிளைகளை வெட்டவும் முதியவர்களை வீடுவீடாகத் தேடி முகாம்களுக்கு அழைத்துச் செல்லவும் வந்தார்கள். பின்னர் கட்டப்பட்ட தடங்களில், ஒரு கோபுரம் விழுந்தால் வரிசை முழுவதும் சாயாதபடி இடையிடையே வலுவான கோபுரங்களை நட்டார்கள்.

பத்தாண்டு கழித்து, 2008 சனவரியிலும் பிப்ரவரியிலும் இதே கதை தென்சீனாவில் வேறொரு பின்னணியில் நடந்தது. சீனாவில் அரசு வழங்கும் மையச் சூடேற்ற வசதி 1950-களிலிருந்து சின் மலைத்தொடருக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே மட்டுமே என்று வகுக்கப்பட்டிருந்தது; தெற்கு அந்தக் கோட்டுக்கு வெளியே. அந்தத் தெற்கில் உறைமழை வாரக்கணக்கில் நீடித்தது. ஹூனான் மாகாணத்தின் சென்சோ நகரம் பத்து நாட்களுக்கு மேல் மின்சாரமின்றி இருந்தது. கோபுரத்தில் ஏறிக் கம்பிகளில் ஒட்டிய பனிக்கட்டியைத் தட்டியெடுத்துக்கொண்டிருந்த மின் ஊழியர்கள், கோபுரம் சரிந்ததில் அதனோடு விழுந்து இறந்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்ப வேண்டிய நேரம் அது என்பதால் குவாங்சோ ரயில் நிலையத்தைச் சுற்றி லட்சக்கணக்கான தொழிலாளர்கள் குளிரில் காத்துக் கிடந்தார்கள். நாட்டின் பிரதமரே ஹூனானின் தலைநகர் சாங்ஷாவின் ரயில் நிலையத்துக்கு வந்து ஒலிபெருக்கியைக் கையில் பிடித்து, சிக்கிக்கிடந்த பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டார். அரசுக் கணக்கில் 129 பேர் இறந்தார்கள்.

டெக்சாஸைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. 2021 பிப்ரவரி 16 அன்று டல்லாஸ் பகுதியில் மைனஸ் 19 டிகிரி பதிவானது. அமெரிக்காவின் கிழக்கு, மேற்கு மின் வலையமைப்புகளோடு பெரிதாகச் சேராமல் அந்த மாநிலத்தின் பெரும்பகுதி தனக்கென்று தனி வலையமைப்பு வைத்திருக்கிறது. அவசரத்துக்குப் பக்கத்து மாநிலத்திடம் கடன் வாங்கக் கம்பி போதாது. எரிவாயுக் கிணறுகளின் வாய்ப்பகுதியில் வாயுவோடு வரும் நீர் உறைந்து குழாயை அடைத்தது. வாயு குறைந்ததால் மின்நிலையங்கள் நின்றன. மின்சாரத்தைச் சேமிக்க ஆங்காங்கே வெட்டியபோது, வாயுவைத் தள்ளும் அழுத்த நிலையங்களுக்கும் சேர்த்தே மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். அவை அவசியமானவை என்று பதிவுசெய்து வைக்க நிறுவனங்கள் பல தவறியிருந்தன. ஆக, வாயு இல்லாததால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாததால் வாயு இல்லை. ஓர் அணுமின் உலையே, நீரழுத்தத்தை அளக்கும் சிறு குழாய் ஒன்று உறைந்ததால் தானாக நின்றுபோனது. நொடிக்கு 60 சுற்று என்று இருக்க வேண்டிய மின்சாரத்தின் அதிர்வெண் அபாயக் கோட்டுக்குக் கீழே இறங்கி, இன்னும் 4 நிமிடம் 37 நொடி அப்படியே இருந்திருந்தால் மொத்த வலையமைப்பும் சாய்ந்து, மீட்க வாரங்கள் ஆகியிருக்கும் என்று அதன் பொறுப்பாளர்களே பின்னர் சொன்னார்கள். மாநில அரசு 246 இறப்புகளைக் கணக்கில் சேர்த்தது.

அவற்றில் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. காரை மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டு அதன் சூட்டில் உட்கார்ந்தவர்கள், ஜெனரேட்டரை வீட்டோடு ஒட்டி வைத்தவர்கள், கரியடுப்பை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தவர்கள் ஆகியோரில் சிலர் கார்பன் மோனாக்சைடை மூச்சிழுத்து இறந்தார்கள். நிறமில்லை, மணமில்லை, தலைவலியும் தூக்கமும் வரும், அவ்வளவுதான். கியூபெக்கிலும் இப்படித்தான் சிலர் இறந்தார்கள். குளிரலை பற்றிய எச்சரிக்கைகளில் கம்பளியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இந்த வாயுவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

இதில் என்னை எரிச்சலூட்டுவது, 2011-இலேயே டெக்சாஸில் இதைவிடச் சிறிய அளவில் இதே போன்ற உறைவு வந்து, மின்நிலையங்களையும் வாயுக் குழாய்களையும் குளிருக்குக் காப்பிட வேண்டும் என்று கூட்டரசின் ஒழுங்காற்று அமைப்புகள் விரிவான அறிக்கையே கொடுத்திருந்தன என்பதுதான். வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்னார்கள். கட்டாயம் இல்லை என்பதால் பெரும்பாலோர் கோலவில்லை. மாநிலத்தின் மேற்கு மூலையில், மேற்கு வலையமைப்போடு இணைந்திருக்கும் எல் பாசோ நகரம் மட்டும் 2011-க்குப் பிறகு பணம் செலவழித்துத் தன் நிலையங்களுக்குக் காப்பிட்டிருந்தது. 2021-இல் அங்கே மின்தடை சொற்பம். ஒரே மாநிலத்தில் இப்படி இரண்டு விளைவு.

சிறு அளவிலான பனியே பெருநகரத்தை முடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அட்லாண்டா போதும். 2014 சனவரி 28 அன்று அங்கே பெய்தது 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. பள்ளிகளும் அலுவலகங்களும் அரசு அலுவலகங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப, சாலையில் பனி நசுங்கி உருகி மறுபடி உறைய, நகரம் அப்படியே நின்றது. பிள்ளைகள் பள்ளியிலேயே இரவு தங்கினார்கள். நெடுஞ்சாலையில் காருக்குள் ஒரு குழந்தை பிறந்தது. இதற்கு நேர்மாறாக, பனிக்குப் பழகிய, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரமும் 2022 டிசம்பரில் வீழ்ந்தது. உறையாத ஈரி ஏரியின் மேல் வந்த சூறைக்காற்று ஒன்றரை நாளுக்கு மேல் எதிரே எதுவும் தெரியாதபடி பனியை வீச, மருத்துவ ஊர்திகளே பனியில் சிக்கின; அந்த மாவட்டத்தில் மட்டும் 47 பேர் இறந்தார்கள். ஆகவே, பழக்கம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்லவில்லை.

உறைநிலைக்கு அருகிலுள்ள பனியின் பாரத்தை அறிய ஜப்பானின் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். சைபீரியாவின் உலர்ந்த குளிர்காற்று ஜப்பான் கடலின் வெதுவெதுப்பான நீரோட்டத்தைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மோதிக் கொட்டுகிறது. நீகாட்டாவின் சமவெளியில் குளிர்கால வெப்பநிலை பெரும்பாலும் 0 டிகிரியைச் சுற்றியே இருக்கும். அதனால் பனி ஈரமாக, கனமாக இருக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்குப் படிந்து இறுகிய பனி, சதுர மீட்டருக்கு 300 கிலோ வரை எடை கொள்ளும். நூறு சதுர மீட்டர் கூரையில் அது முப்பது டன். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்ட மலைக்கிராமங்களில், எழுபது வயதுக் கிழவர்தான் ஏணி போட்டு ஏறி மண்வாரியால் சதுரம் சதுரமாக வெட்டித் தள்ளுகிறார். வெயில் சற்று ஏறினால் கூரைத் தகட்டுக்கும் பனிக்கும் இடையில் நீர்ப்படலம் உண்டாகி, நின்றுகொண்டிருக்கும் ஆளோடு சேர்ந்து மொத்தமும் வழுக்கிவிடும். 2005-06 குளிர்காலத்தில் ட்சுனான் நகரில் பனி 4 மீட்டரைத் தாண்டியது. நாடெங்கும் 152 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பனியை அகற்றும் வேலையில் ஈடுபட்ட முதியவர்கள். அங்கே நாகாவோகா போன்ற நகரங்களில் சாலையின் நடுவே குழாய் பதித்து, 13 டிகிரி அளவில் இருக்கும் நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியை உருக்குகிறார்கள். நீரிலுள்ள இரும்பால் தெருக்களே துருநிறமாகிவிட்டன. நீரை அதிகம் உறிஞ்சியதில் நிலம் தாழ்ந்த இடங்களும் உண்டு. யாக்குத்ஸ்கில் இந்த வித்தை செல்லாது, பீய்ச்சிய நீர் அங்கேயே சறுக்குத்தளமாகிவிடும்.

மைனஸ் 25-இல் உலர்ந்த பனி மேல் நடந்திருக்கிறேன். 1 டிகிரியில் உருகிய சேற்றுப்பனியில் காலுறை நனைய நடந்தும் இருக்கிறேன். இரண்டில் எது கொடுமை என்றால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

இதையே விலங்குகளின் கால்களுக்குப் பொருத்திப் பார்த்தால் மங்கோலியாவுக்கு வந்துவிடுவோம். அங்குள்ள மேய்ச்சல்காரர்கள் கால்நடைகளை அழிக்கும் குளிர்காலத்தை த்சுத் என்கிறார்கள். அதில் வகைகளும் உண்டு. புல்லை ஆழப் பனி மூடினால் வெள்ளை த்சுத். பனியே பெய்யாமல் குடிக்க நீரின்றிப் போனால் கருப்பு த்சுத். பனி சற்றே உருகி, அல்லது அதன் மேல் மழை தூறி, மறுபடி உறைந்து கெட்டி ஓடாகிவிட்டால் அது இரும்பு த்சுத். சாதாரணப் பனியை மந்தை சமாளித்துக்கொள்ளும்: குதிரைகள் முன்னால் போய்க் குளம்பால் தோண்ட, பின்னால் வரும் ஆடுகள் அந்தக் குழிகளில் புல்லைப் பறிக்கும். இரும்பு ஓட்டின் முன் குதிரையின் குளம்பும் தோற்றுவிடுகிறது. ஒரு விரல் தடிமனுக்குக் கீழே புல் கண்ணாடிக்குள் தெரிவது போலத் தெரியும், எட்டாது. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் பனியின் மேல் பெய்த மழை இப்படி உறைந்து, ஏறத்தாழ 61,000 கலைமான்கள் பட்டினியால் மடிந்தன. குளிரால் அல்ல. மைனஸ் 40-ஐத் தாங்கும் தோலோடு பிறந்த விலங்குகள் அவை. முன்பு நவம்பரிலிருந்து உறைந்தே கிடந்த வடபுலங்களில் இப்போது மழை எட்டிப்பார்ப்பது, குளிர் குறைந்துவிட்டது என்று மகிழத்தக்க செய்தி அன்று.

2009-10 த்சுதில் மங்கோலியா 80 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளை, அதாவது ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. 2023-24-இல் மீண்டும் 70 லட்சத்துக்கு மேல். மந்தையை இழந்த குடும்பத்துக்கு வசந்தத்தில் புல்வெளியில் வேலையில்லை. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தலைநகர் உலான்பாத்தரின் ஓரத்துக்கு வருகிறார்கள். குழாய் வெப்பம் எட்டாத அந்தக் கூடாரக் குடியிருப்புகளில் ஒவ்வொரு அடுப்பிலும் நிலக்கரி எரிய, மலைகளுக்கு நடுவே கிடக்கும் நகரத்தின் மேல் வெப்பக்காற்று மூடியாக அமர்ந்து புகையைக் கீழேயே தேக்குகிறது. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து ஐந்து நாட்களில் ஆயிரக்கணக்கானோரை லண்டனில் கொன்றதும் இதே அமைப்பால்தான். 2017-இல் நகர நிர்வாகம் புதிதாகக் குடியேறுவதற்கே தடை விதித்துப் பார்த்தது. 2019 மே மாதம் பதப்படுத்தாத நிலக்கரியைத் தடைசெய்து, அழுத்திச் செய்த கரிக்கட்டிகளை மலிவு விலையில் கொடுத்தார்கள். காற்றில் தூசு குறைந்தது. ஆனால் பழைய அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் அந்தக் கட்டி ஒத்துவராததால், அந்த முதல் குளிர்காலத்திலேயே கூடாரங்களில் கார்பன் மோனாக்சைடு தாக்கிப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள், சிலர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் த்சுதால் நகரத்துக்கு வந்தவர்கள் என்று எந்த வானிலைப் பதிவேடும் கணக்கு வைப்பதில்லை.